நெகிழ்வட்டும் எழுத்துருவும்: ஒவ்வாத கணினிகளிடையே தமிழ்க் கோப்புகளின் இடப்பெயர்ச்சி (1984–2010)

ஆய்வுச் சுருக்கம்

பிளாப்பி என்று வழங்கும் நெகிழ்வட்டு, 1980களின் நடுப்பகுதி தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் மின்னுரைகளைத் தாங்கிய ஏடாக இருந்தது. அவ்வட்டுகளில் பதிவான ஒரு தமிழ்க் கோப்பு மற்றொரு கணினியைச் சென்றடைய மூன்று தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது: வட்டின் காந்தப் பதிவு முறை, கோப்பு முறைமை, எழுத்துக் குறியீடு. முதல் இரண்டும் உலகெங்கும் கணினியாளர் எதிர்கொண்டவை. மூன்றாவது, தமிழில் மிகக் கடுமையாக வெளிப்பட்டது. இம்மூன்றையும் தனித்தனியே பிரித்து நோக்கினால்தான் எஞ்சியுள்ள வட்டுகளை மீட்கும் முறையும், இன்று புழங்கும் மின்னுரைகளின் பிழைகளுக்கான மூலமும் விளங்கும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நெகிழ்வட்டு, எழுத்துரு, தமிழ்க் குறியீடு, தகுதரம், ஒருங்குறி, பாடவேறுபாடு, மின்னாவணக் காப்பு

1. முன்னுரை

சென்னை மெரினாக் கடற்கரையின் தென்கோடியில், கலங்கரை விளக்கத்தை அடுத்து, மயிலாப்பூரின் கடலோரமாக அமைந்த மீனவர் ஊர் நொச்சிக்குப்பம். இவ்வூர்ப் பெயரை 1990களில் மயிலாப்பூரின் ஒரு டி.டி.பி. கடையில் ஒருவர் தட்டச்சுச் செய்து நெகிழ்வட்டில் சேமித்திருந்தார் எனக் கொள்வோம். அவ்வட்டு இன்று நம் கைக்குக் கிடைத்தால், அதிலுள்ள ஊர்ப் பெயரை நம்மால் படிக்க இயலுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினா வெறும் தொழில்நுட்ப ஆர்வத்தால் எழுவதன்று. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 பிப்ரவரி 19 அன்று வெளிவந்தது. அதன்பின், கரையோர ஊர்கள் தம் குடியிருப்பையும் தொழிலிடத்தையும் சான்று காட்டி நிறுவ வேண்டிய தேவை பெருகியது. அதே பத்தாண்டில்தான் மனுக்களும் சங்கத் தீர்மானங்களும் விழா மலர்களும் தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு மாறின. தட்டச்சுப் பொறி தாளையும் அதன் கரித்தாள் படியையும் தந்தது. கணினியோ தாளை வாடிக்கையாளரிடம் தந்து, மூலத்தை வட்டில் நிறுத்திக்கொண்டது. தாள் தொலைந்த இடத்தில் வட்டு மட்டுமே சான்றாக எஞ்சக்கூடும்.

ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த மரபு நமக்கு உண்டு. உ.வே. சாமிநாதையரின் பெயரால் 1943இல் நிறுவப்பெற்று, இன்று பெசன்ட் நகரில் இயங்கும் நூலகம் அம்மரபின் கண்கூடான சான்று. சுவடி கிடைத்தால் அதைப் படிக்கக் கண்ணும் எழுத்துப் பயிற்சியும் போதும். நெகிழ்வட்டு கிடைத்தாலோ அதற்குரிய இயக்கி, அதற்குரிய இயக்க முறைமை, அதற்குரிய எழுத்துரு ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையெனினும் படிக்க இயலாது. இம்மூன்றையும் முறையே காண்போம்.

2. முதல் தடை: வட்டின் வடிவமும் பதிவு முறையும்

ஐ.பி.எம். நிறுவனம் 1971இல் எட்டு அங்குல நெகிழ்வட்டை வெளியிட்டது. 1976இல் ஷுகார்ட் நிறுவனத்தின் ஐந்தேகால் அங்குல வட்டும், 1981இல் சோனியின் மூன்றரை அங்குல வட்டும் வந்தன. அளவு மாறுபாடு கண்ணுக்குத் தெரிவது. ஒரே அளவுள்ள வட்டுகளுக்குள் மறைந்திருந்த மாறுபாடே பெரிது. வட்டின் காந்தப் பரப்பு வட்டத் தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் செக்டர் எனப்படும் கூறுகளாகவும் பிரிக்கப்படும். எத்தனை தடம், தடத்துக்கு எத்தனை கூறு, கூறுக்கு எத்தனை பைட் என்பவற்றை ஒவ்வொரு கணினி நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்தது. சிபி/எம் இயக்க முறைமைக்கு எட்டு அங்குல வட்டில் மட்டுமே பொது வடிவம் ஒன்று நிலவியது: 77 தடங்கள், தடத்துக்கு 26 கூறுகள், கூறுக்கு 128 பைட்டுகள். ஐந்தேகால் அங்குலத்துக்கு அத்தகைய பொது வடிவம் இல்லை. எனவே, ஒரே இயக்க முறைமையைக் கொண்ட இரு கணினிகள்கூட ஒன்றின் வட்டை மற்றொன்று படிக்க இயலாமல் நின்றன.

இந்தியாவில் இந்நிலை மேலும் சிக்கலானது. ஐ.பி.எம். 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. எச்.சி.எல்., டி.சி.எம்., விப்ரோ, இ.சி.ஐ.எல். முதலிய நிறுவனங்கள் தத்தம் கணினிகளை வழங்கின. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கியபின் ஐ.பி.எம். பி.சி. வகைக் கணினிகள் விரைந்து பரவின. அதே காலத்தில், 1984–85இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டமான ‘கிளாஸ்’, ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குப் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த பி.பி.சி. மைக்ரோ கணினியைத் தேர்ந்தது. அக்கணினியின் வட்டு, தடத்துக்கு 256 பைட் அளவுள்ள 10 கூறுகளை எஃப்.எம். என்னும் ஒற்றையடர்த்தி முறையில் பதிந்தது. பி.சி. பயன்படுத்தியதோ எம்.எஃப்.எம். என்னும் இரட்டையடர்த்தி முறை. பல பி.சி.களின் வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லு எஃப்.எம். பதிவைப் படிக்கும் திறனற்றது. பள்ளியில் பி.பி.சி. மைக்ரோவில் எழுதிய கோப்பை அலுவலகப் பி.சி.யில் திறக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

பி.சி.யின் குடும்பத்துக்குள்ளும் ஒற்றுமை இல்லை. 1981இல் 160 கிலோபைட் கொண்ட வட்டு, 1983இல் 360 கிலோபைட் ஆயிற்று. 1984இல் பி.சி./ஏ.டி. 1.2 மெகாபைட் இயக்கியைக் கொணர்ந்தது. புதிய இயக்கி 40 தடங்களுக்கு மாறாக 80 தடங்களை எழுதியதால் அதன் தலை குறுகியது. பழைய 360 கிலோபைட் வட்டை அது படிக்கும். ஆனால் அதில் எழுதினால், அகன்ற பழைய தடத்தின் நடுவே குறுகிய புதிய தடம் பதியும். பழைய பதிவின் எச்சம் இருபுறமும் தங்கும். அவ்வட்டை மீண்டும் பழைய இயக்கியில் இடும்போது, அதன் அகன்ற தலை புதிய பதிவையும் எச்சத்தையும் சேர்த்தே வாங்கிக் குழம்பும். வீட்டுக் கணினியில் திருத்திய கோப்பு கடைக் கணினியில் திறக்கவில்லை என்ற குறைபாட்டுக்கு வட்டின் தரமே காரணம் எனப் பலரும் நம்பினர். உண்மையில் அது தலையின் அகலம் பற்றிய சிக்கல்.

ஆப்பிளின் மெக்கிண்டாஷ் முற்றிலும் வேறு வழியில் சென்றது. 1984இல் 400 கிலோபைட்டும், 1986இல் 800 கிலோபைட்டும் கொண்ட அதன் மூன்றரை அங்குல வட்டு ஜி.சி.ஆர். முறையில் பதிவானது. வட்டின் வெளிவிளிம்புத் தடங்கள் நீளமானவை என்பதால் அவற்றில் மிகுதியான கூறுகளை அடக்கலாம் என்பது அதன் கணக்கு. 80 தடங்கள் பதினாறு பதினாறாக ஐந்து வட்டாரங்களாக்கப்பட்டு, வெளியிலிருந்து உள்ளே முறையே 12, 11, 10, 9, 8 கூறுகள் பதியப்பட்டன. இதற்கேற்ப வட்டின் சுழல்வேகமும் வட்டாரந்தோறும் மாறியது. பி.சி.யின் இயக்கியோ நிமிடத்துக்கு 300 என்ற மாறா வேகத்தில் சுழல்வது. ஆகவே தோற்றத்தில் ஒன்றேயான வட்டு, பி.சி.யில் இடப்பட்டால் வெற்று வட்டாகவே கருதப்பட்டது. ‘வடிவமைக்கவா?’ என்று கணினி கேட்கும். ‘ஆம்’ என்று விடையளித்தால் அனைத்தும் அழியும். 1988இல் ‘சூப்பர்டிரைவ்’ என்னும் இயக்கியை ஆப்பிள் அளித்தபின், மெக்கிண்டாஷ் பி.சி.யின் 720 கிலோபைட், 1.44 மெகாபைட் வட்டுகளைப் படிக்கத் தொடங்கியது. பி.சி. மெக்கிண்டாஷின் 800 கிலோபைட் வட்டைப் படிக்கும் நிலை வரவில்லை. பாலம் ஒருவழிப் பாலமாகவே இருந்தது.

3. இரண்டாம் தடை: கோப்பு முறைமை

காந்தப் பதிவைப் படித்துவிட்டால், அடுத்துக் கோப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிய வேண்டும். இதனைச் சொல்வது கோப்பு முறைமை. டாஸ், சிபி/எம், மெக்கிண்டாஷ் ஆகிய மூன்றும் இதற்குத் தனித்தனி அட்டவணைகளை வைத்திருந்தன. டாஸ் எட்டெழுத்துப் பெயரும் மூன்றெழுத்துப் பின்னொட்டும் மட்டுமே ஏற்கும். மெக்கிண்டாஷ் 31 எழுத்துவரை அனுமதித்தது. பெயர் சுருங்கியதால் எக்கோப்பு எந்நூலுக்குரியது என்ற அடையாளமே பலவிடத்தும் மறைந்தது.

தமிழுக்கு இதனினும் பெரிய இழப்பு ஒன்று நேர்ந்தது. மெக்கிண்டாஷ் கோப்புக்கு இரு கிளைகள் உண்டு. ஒன்று தரவுக் கிளை, மற்றொன்று வளக் கிளை. எழுதிய உரை தரவுக் கிளையிலும், எழுத்துருவின் உருவங்கள் வளக் கிளையிலும் தங்கின. டாஸ் வட்டு தரவுக் கிளையை மட்டுமே அறியும். ஆகவே மெக்கிண்டாஷில் உருவான தமிழ் எழுத்துருவை உரிய உறையிடாமல் டாஸ் வட்டில் படியெடுத்தால், கோப்பின் பெயர் இருக்கும், உள்ளீடு இராது. உரை வந்து சேர்ந்து, அதைப் படிப்பதற்கான எழுத்துரு வழியிலேயே உதிர்ந்த நிலை இது. பின்ஹெக்ஸ் என்னும் முறை, இரு கிளைகளையும் ஒன்றாகக் கட்டி, எளிய ரோமன் எழுத்துகளின் வரிசையாக மாற்றியது. மின்னஞ்சலிலும் அயல்வட்டிலும் எழுத்துருக்கள் சிதையாமல் பயணம் செய்ய அது துணைநின்றது.

மற்றொரு சிக்கல் ‘உதவி’ என்ற பெயரில் வந்தது. ஒரு வரி முடிவதை மெக்கிண்டாஷ் ஒரு குறியாலும் டாஸ் இரு குறிகளாலும் காட்டின. இதனைச் சீர்செய்த மாற்று மென்பொருள்கள் அத்தோடு நில்லாமல், 128க்கு மேற்பட்ட எண்களையும் மாற்றின. ஐரோப்பிய மொழிகளின் அடையாளமிட்ட எழுத்துகளுக்கு இரு கணினிகளும் வெவ்வேறு எண்களை வழங்கியிருந்ததால், அவற்றை ஒன்றுக்கொன்று பெயர்ப்பது அம்மொழியினருக்கு நன்மை. ஆனால் அதே எண்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தியிருந்தவர்களுக்கு அது கேடாயிற்று. கணினி, தமிழ் உரையைப் பிரெஞ்சு உரை என்று கருதித் திருத்தியது. வட்டு பழுதடையவில்லை, கோப்பும் முழுமையாக வந்தது, எழுத்துகள் மட்டும் இடம் மாறின.

4. மூன்றாம் தடை: எழுத்துக் குறியீடு

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. ஆங்கிலத்துக்கு ஆஸ்கி என்ற பொதுத் தரம் முன்னரே நிலவியதால், எந்த வட்டில் இருந்தாலும் ஆங்கில எழுத்தின் எண் பெரும்பாலும் மாறாதிருந்தது. தமிழுக்கு அத்தகைய உடன்பாடு இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியலாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, ஈழத்தமிழரிடையே பெருவழக்கான பாமினி, இந்திய அச்சுத்துறையில் பரவிய ஸ்ரீலிபி என ஒவ்வொன்றும் தனக்கான எண்வரிசையைக் கொண்டது. மயிலாப்பூரின் சுருக்கப் பெயரைத் தாங்கிய மயிலை எழுத்துரு, மெக்கிண்டாஷுக்கும் விண்டோசுக்கும் விலையின்றி வழங்கப்பட்டது. இருவகைக் கணினியிலும் ஒரே எண்வரிசை என்ற கொள்கையே அதன் பயன்பாட்டுக்கு வலுவூட்டியது.

இந்திய அரசின் முயற்சி வேறு திசையில் அமைந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகிப் பின்னர் சி-டாக் நிறுவனத்தால் வளர்க்கப்பட்ட ஜிஸ்ட் அட்டை, இஸ்கி என்னும் பொதுக் குறியீட்டைப் பயன்படுத்தியது. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இஸ்கியைத் தரமாக ஏற்றது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டில் வெளிவந்த ஒருங்குறி, தமிழுக்கான தன் அட்டவணையை 1988ஆம் ஆண்டு இஸ்கியை அடியொற்றியே வகுத்தது.

இம்மாறுபாட்டின் அளவை நொச்சிக்குப்பம் என்ற பெயரைக்கொண்டே காணலாம். ஒருங்குறியில் இப்பெயர் 15 குறிகளால் ஆனது. நகரம் முதலிலும், ஒகர உயிர்க்குறி அடுத்தும் வரும்; ஒலிக்கும் முறையே சேமிக்கும் முறை. 1990களின் பிற்பகுதியில் இணையவழிக் கலந்துரையாடலில் உருவான தகுதரம் எனப்படும் டிஸ்கியில் இதே பெயர் 11 குறிகளே. அங்கு கொம்பு முதலில், நகரம் அடுத்து, கால் மூன்றாவது; எழுதும் முறையே சேமிக்கும் முறை. மெய்யெழுத்துகளும் குகரமும் தனிக்குறி பெற்றதால் எண்ணிக்கை குறைந்தது. பாமினியில் மீண்டும் 15 குறிகள். ஆனால் அவை தட்டச்சுப் பொறியின் விசையிடங்களைப் பின்பற்றுவன. எழுத்துரு இல்லாத கணினியில் அதே பெயரைத் திறந்தால் என், இ, எச், ஆர், அரைப்புள்ளி, ஆர், பி, எஃப், அரைப்புள்ளி எனப் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகவே தோன்றும். புள்ளிக்கு அரைப்புள்ளியின் இடத்தைப் பாமினி வழங்கியதால், இப்பெயரின் 15 குறிகளில் 4 அரைப்புள்ளிகள். அரைப்புள்ளி மிகுந்த, பொருள் விளங்காத ஒரு கோப்பு கிடைத்தால் அது பாமினித் தமிழாக இருக்கலாம் என்று ஐயுற இதுவே போதிய காரணம்.

சேமிக்கும் வரிசையில் உள்ள இவ்வேறுபாடு, பாடவேறுபாட்டுக்கும் வித்திட்டது. எழுதும் முறைக் குறியீடுகள் பலவற்றில் ஔகாரத்தின் பிற்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே எண். எனவே கொம்பு, மகரம், ளகரம் என்ற வரிசை ‘மௌ’ என்பதையும் குறிக்கும். ‘மெள’ என்பதையும் குறிக்கும். மனிதக் கண் சூழல் நோக்கிப் பிரித்தறிந்தது. மாற்று மென்பொருளால் அது இயலவில்லை. ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ எனவும், ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ எனவும் மின்னுரைகளில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தேடுபொறிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஏடெழுதுவோர் பிழை பதிப்பாசிரியருக்கு வழித்தடம் காட்டுவதுபோல, இத்தகைய பிழை ஒரு மின்னுரை எக்குறியீட்டிலிருந்து பிறந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

5. தடைகளைக் கடந்த வழிகள்

வட்டையே தவிர்ப்பது முதல் வழி. இரு கணினிகளின் தொடர் வாயில்களைக் கம்பியால் இணைத்து, கெர்மிட் போன்ற மென்பொருளால் கோப்பை அனுப்பினால் வட்டின் வடிவம் பொருட்டன்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் உருவான கெர்மிட், எட்டாவது பிட்டைக் கடத்த இயலாத இணைப்புகளிலும் அதனைக் குறிப்பால் காத்து அனுப்பவல்லது. நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், ஒரு 800 கிலோபைட் வட்டின் உள்ளடக்கம் செல்ல ஏறத்தாழ 14 நிமிடமாகும். வட்டை மாற்றி மாற்றி இட்டுத் தோற்பதைவிட இது விரைவு.

இரண்டாவது வழி, படிப்பதற்குரிய மென்பொருளைப் பி.சி.யிலேயே நிறுவுவது. 22டிஸ்க், ஜீனோகாப்பி போன்றவை பல்வேறு சிபி/எம் வட்டுகளின் அமைப்பைப் பி.சி.க்குக் கற்பித்தன. மெக்கிண்டாஷ் தரப்பில் ‘ஆப்பிள் ஃபைல் எக்ஸ்சேஞ்ச்’, ‘பி.சி. எக்ஸ்சேஞ்ச்’ ஆகியவை டாஸ் வட்டுகளைத் திறந்தன. இவை முதல் இரு தடைகளை நீக்கின, மூன்றாவதைத் தொடவில்லை.

மூன்றாவது வழி, தமிழை ரோமன் எழுத்தில் சேமிப்பது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மால்டன் முன்னின்று உருவாக்கிய தமிழ் அகராதித் தரவுகள் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் அமைந்தன. இணையத்தின் தமிழ்ச் செய்திக்குழுக்களிலும் ரோமன் எழுத்தே தொடக்கத்தில் வழங்கியது. தமிழை அயல் எழுத்தில் எழுதுவது குறைபாடாகவே பலருக்கும் தோன்றியது. வரலாறு இங்கு ஒரு முரணைக் காட்டுகிறது. ஆஸ்கியின் 128 எண்களுக்குள் அடங்கிய ரோமன் உரை எந்த வட்டிலும் எந்தக் கம்பியிலும் எந்த மென்பொருளிலும் சிதையவில்லை. பின்னர் விதிமுறைப்படி ஒருங்குறித் தமிழாகவும் மாறியது. தமிழ் வடிவிலேயே சேமித்த உரைகள் தத்தம் எழுத்துருவோடு பிணைந்து, அவ்வெழுத்துரு வழக்கிழந்தபோது தாமும் வழக்கிழந்தன. கோப்பின் வாழ்நாளை முடிவுசெய்தது அதன் தோற்றம் அன்று. அதன் குறியீடு பலரறிய ஆவணப்படுத்தப்பட்டிருந்ததா என்பதே.

நான்காவது வழி, தரப்படுத்தல். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்நெட்’97 கருத்தரங்கு நடந்தது. 1999 பிப்ரவரி 7, 8 நாள்களில் சென்னையில் தமிழ்நெட்’99 மாநாடு கூடியது. மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னின்ற அம்மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும், ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியீடுகளும் உருப்பெற்றன. தமிழ்நாட்டரசு அவற்றை ஏற்றது. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்கத் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்த இலக்கியங்களைத் திரட்டி இலவசமாக வெளியிட்டது. தொடக்கத்தில் எழுத்துரு சார்ந்தும், பின்னர் தகுதரத்திலும், அதன்பின் ஒருங்குறியிலும் அதன் நூல்கள் வெளிவந்தன. ஓலையைத் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதியதற்கு ஒப்பாக, ஒரே நூல் பத்தாண்டுகளுக்குள் பலமுறை குறியீடு மாறிப் பெயர்த்தெழுதப்பட்டது. 2010 ஜூனில் ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துருத் தரமான ‘டேஸ்16’ஐயும் தமிழ்நாட்டரசு தரமாக அறிவித்தது.

அவ்வாறு பெயர்த்தெழுதப்பட்டவை தேர்ந்தெடுத்த இலக்கியங்களே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. சங்க இலக்கியத்துக்குத் தன்னார்வலர் கிடைத்தனர். ஊர்ச்சங்கத்தின் கடிதத்துக்கு எவரும் இல்லை.

6. எஞ்சிய வட்டுகளும் மீட்பு முறையும்

1998இல் ஆப்பிளின் ஐமேக் நெகிழ்வட்டு இயக்கியின்றி வெளிவந்தது. சோனி 2011 மார்ச்சில் ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியது. சென்னையின் ஈரக் காற்றில் வட்டின் காந்தப் பூச்சின்மேல் பூஞ்சை படர்கிறது. கடலோர வீடுகளில் உப்புக்காற்று, மூன்றரை அங்குல வட்டின் உலோக மூடியை அரிக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் 2015 டிசம்பர் வெள்ளமும் இந்நகரின் வீட்டு ஆவணங்கள் எத்துணை எளிதில் அழியக்கூடியவை என்பதைக் காட்டின. எனவே மீட்பு, காலத்தோடு போட்டியிடும் பணி. அதன் படிநிலைகள் பின்வருமாறு அமைதல் நன்று.

முதலாவது, எழுதுதடை. மூன்றரை அங்குல வட்டின் சிறு துளை திறந்திருந்தால் அது காக்கப்பட்டது. ஐந்தேகால் அங்குல வட்டின் ஓரவெட்டு மூடப்பட்டிருந்தால் காக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று நேர்மாறான இவ்விதியை மறந்து வட்டை இயக்கியில் இடுவது ஆபத்தானது. பூஞ்சை படர்ந்த வட்டைத் தூய்மை செய்யாமல் இடவும் கூடாது. இயக்கியின் தலை அழுக்கேறி, அடுத்து இடும் வட்டையும் கீறும்.

இரண்டாவது, காந்த மாற்றங்களை அவ்வாறே படியெடுத்தல். கிரயோஃபிளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற கருவிகள் வட்டின் பொருளை ஆராய்வதில்லை. ஒரு காந்தமாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை மட்டும் அளந்து பதிகின்றன. எஃப்.எம்., எம்.எஃப்.எம்., ஜி.சி.ஆர். எதுவாயினும் பொருள்கொள்வது பின்னர் மென்பொருளின் வேலை. இதனால் ரிச்சி தெருவின் பழைய கணினிக் கடைகளில் கிடைக்கக்கூடிய எளிய பி.சி. இயக்கியைக்கொண்டே மெக்கிண்டாஷின் 800 கிலோபைட் வட்டையும் படிக்க முடிகிறது. 1980களில் கடக்க இயலாதிருந்த முதல் தடை, இன்று மூன்றினுள் எளியது. ஆனால் காந்தம் மங்கியபின் அது மட்டுமே ஒருபோதும் மீட்க இயலாதது. ஆகவே குறியீட்டை அறியும்வரை காத்திராமல், படியெடுப்பதை முதலில் செய்தல் வேண்டும்.

மூன்றாவது, கோப்புகளைப் பிரித்தல். டாஸ் ஒரு கோப்பை நீக்கும்போது அட்டவணையில் அதன் பெயரின் முதலெழுத்தை 229 என்ற எண்ணால் மாற்றி, இடத்தைக் காலியெனக் குறிக்கிறது, உள்ளடக்கத்தை அழிப்பதில்லை. ஒரே வட்டைப் பல வாடிக்கையாளருக்கும் மீண்டும் மீண்டும் பயன்படுத்திய கடைகளின் வட்டுகளில், நீக்கிய மனுக்களும் அழைப்பிதழ்களும் உயில்களும் அடியில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. ஆய்வாளருக்கு இது புதையல். உரியவருக்கோ இது அந்தரங்கம். நீக்கப்பட்டவற்றை உரியவர் இசைவின்றி வெளியிடாமை, மீட்பு முறையின் பகுதியாகவே அமைய வேண்டும்.

நான்காவது, குறியீட்டை இனங்காணல். பேஜ்மேக்கர் போன்ற பக்க வடிவமைப்புக் கோப்புகளுள் எழுத்துருவின் பெயர் பதிந்திருக்கும். வெற்றுரையாயின் குறிகளின் வருகை எண்ணிக்கை வழிகாட்டும். உரையோடு எழுத்துருக் கோப்பும் அதே பெட்டியில் கிடைத்தால் அதையும் காக்க வேண்டும். சில உரைகளுக்கு அதுவே எஞ்சிய ஒரே திறவுகோல்.

ஐந்தாவது, ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றத்தின் வரலாற்றை எழுதிவைத்தல். காந்தப் படி, பிரித்தெடுத்த மூலக் கோப்பு, எழுத்துரு, ஒருங்குறி உரை ஆகிய நான்கையும் ஒருங்கே காத்தால்தான், ‘மெளனம்’ என்ற வடிவம் ஆசிரியருடையதா மென்பொருளுடையதா என்று பிற்காலத்தவர் தீர்மானிக்க இயலும்.

7. முடிவுரை

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பை அடிப்படையாகக்கொண்டு 1994இல் சென்னையில் உருவான ஆய்வு நூலகம், தன் நூல்களை நுண்படச் சுருளில் காத்தது. அச்சுருளைப் படிக்க ஒளியும் ஆடியும் போதும். அதே ஆண்டில் எழுதப்பட்ட ஒரு நெகிழ்வட்டைப் படிக்க ஓர் இயக்கியும் அட்டவணையும் எழுத்துருவும் வேண்டியுள்ளன. புதியது என்பதாலேயே ஓர் ஏடு நீடித்து நிற்பதில்லை என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

தமிழ் மின்னுரையின் வரலாற்றை மாநாடுகள், அரசாணைகள், எழுத்துருக்கள் ஆகியவற்றின் வரலாறாகவே இதுவரை பெரிதும் எழுதிவந்தோம். அவற்றைத் தாங்கிய வட்டின் வரலாற்றையும் சேர்த்து நோக்கும்போது மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, தமிழ்க் கோப்பின் இழப்புக்குக் காந்தத்தின் அழிவு மட்டும் காரணமன்று. ஆவணப்படுத்தாத குறியீடும் காரணம். இரண்டு, இன்றைய மின்னுரைப் பிழைகள் பல, பெயர்த்தெழுதிய வழியின் சுவடுகள். அவற்றை மூலபாட ஆய்வு கணக்கில் கொள்ள வேண்டும். மூன்று, எவை தலைமுறை மாறிப் பிழைத்தன என்பதை எவை முதன்மையானவை என்று கருதினோம் என்பதே தீர்மானித்தது.

இலக்கியம் பெரும்பாலும் கரை சேர்ந்துவிட்டது. நொச்சிக்குப்பம் போன்ற ஊர்களின் மனுக்களும் தீர்மானங்களும் மலர்களும் பழைய டி.டி.பி. கடைகளின் பரண்களிலும் வீட்டுப் பெட்டிகளிலும் எஞ்சியிருப்பின், அவை அடுத்த பத்தாண்டுவரை காத்திரா. அப்பெட்டிகளைக் குப்பைக்கு அனுப்புமுன், எழுதுதடையிட்டு ஒருமுறை படியெடுத்து வைப்பது எந்தக் கல்லூரித் தமிழ்த்துறையாலும் செய்யக்கூடிய பணி. பொருள் விளங்காவிடினும் படியெடுக்கலாம்; படியெடுத்தது நின்றால், பொருளைப் பின்னர் விளக்கிக்கொள்ளலாம்.